நின்று போகும் வண்டி

அவசரக்காரர்களில் இரண்டு வகை உண்டு. காரியம் இருந்து அவசரப்படுகிறவர்கள் ஒரு வகை. காரியம் ஒன்றும் இல்லாமலே அவசரப்படுகிறவர்கள் மற்றொரு வகை. நாம் நெடுங்காலம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவராகவே இருந்து வந்தோம். மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பில் இருக்க வேண்டும் என்ற பழக்கம் இருபது வருஷமாக உடம்பில் ஊறிப் போயிருப்பதால், விடுமுறை நாட்களிலும் எங்கேயோ மணி அடித்துவிடப் போகிறது என்ற திகில் உபாத்தியாயர்களை விட்டு அகலுவதில்லை.

கல்லாவியிலிருந்து சேலம் போக வேண்டுமானால் நமது வழக்கம் இதுதான்: ஊத்தங்கரை சேர்வது, அங்கே முதலில் கிளம்புகிற பஸ் எதுவோ அதில் தொத்திக் கொள்வது, அரூர் வழியாகப் பறந்து போய் இறங்குவது. வழியில் பார்த்தது என்ன என்று யாராவது கேட்டால், முன் ஆசனத்தில் இருந்தவருடைய பிடரியைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லக் கூடும். வேறொன்றும் சொல்வதற்கு இராது. சாமல்பட்டியில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, அங்கிருந்து சேலத்துக்குப் பாஸஞ்சர் வண்டி போகிறது என்பதெல்லாம் தெரியாத சங்கதி அல்ல. ஆனால் வழியிலுள்ள அத்தனை ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும் வண்டியில் புத்தியுள்ளவன் எவனாவது ஏறுவானா என்பது நமது கட்சி.

சென்ற காலாண்டு விடுமுறையில் அந்தக் கட்சிக்கு ஆபத்து வந்தது. நம் தாயாருக்குக் கண்புரை நீக்கியிருந்தார்கள். சேலத்துக் கண் வைத்தியர் ஒரு முறை வந்து காட்டிவிட்டுப் போகும்படி சொல்லியிருந்தார். அம்மாவுக்குப் பஸ் என்றால் ஆகாது. ஏறிய பத்தாவது நிமிஷத்தில் தலை சுற்றும். இருபதாவது நிமிஷத்தில் மற்றதெல்லாம் நடக்கும். "வாடகைக் கார் ஒன்று பேசிவிடலாமா, அம்மா?" என்றோம். கார் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிற்று. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறோம்.

"ரயிலிலே போகலாண்டா" என்றார் சற்று நேரம் கழித்து. நாலைந்து வருஷமாக அவர் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்ததே இல்லை. ஆகையால் நாம் மறு பேச்சுப் பேசவில்லை. முந்தின நாள் இரவு, அவருக்குத் தெரியாமல், பொம்மிடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் நம் பெரியம்மாவின் மகனுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை மட்டும் சொல்லி வைத்தோம்.

காலையில் அம்மாவை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துச் சாமல்பட்டி போய்ச் சேர்ந்தோம். கைபேசியிலேயே டிக்கெட் எடுத்துவிடலாம் என்று நாம் நமது நாகரிகத்தைக் காட்டத் தொடங்கினோம். அம்மா ஒப்பவில்லை. "டிக்கெட்டைக் கையிலே பிடிச்சாத்தான் ரயில் ஏறின மாதிரி இருக்கும்" என்றார். அப்படியே ஜன்னலில் பணம் கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கி அவர் கையில் கொடுத்தோம். அவர் அதைப் புதுக் கண்ணால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்து கொண்டார்.

வண்டி வந்தது. புகைவண்டி என்று சொல்லலாமென்றால் புகை இல்லை. இந்தப் பாதையில் மின்சாரம் வந்து பல வருஷங்களாகின்றன. ஆனாலும் பேருக்கு ஒரு மரியாதை இருக்கிறது அல்லவா? அம்மா தயக்கமின்றி இடது பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கிற பக்கம் அது. வலது பக்கத்தில் நிழலாக இடம் இருக்கிறதே என்று சுட்டிக் காட்டினோம். "மலை இந்தப் பக்கந்தான் வரும்" என்றார். அதற்கு மேல் வாதத்துக்கு இடமில்லை.

நாம் சரித்திரம் போதிக்கிறவர். ஆகவே வண்டி நகர்ந்ததும் அம்மாவுக்குச் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தோம். தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம், வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. அந்தப் பாதையைத்தான் மேற்கே நீட்டிக் கொண்டு வந்து, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், சேலம் என்று கடந்து, 1860-களின் தொடக்கத்திலேயே மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரையில் கொண்டு சேர்த்தார்கள். ஆகவே நமது சாமல்பட்டி வழியாகப் போகிற இந்தத் தண்டவாளத்துக்கு வயது நூற்று அறுபதுக்கு மேல். ஊத்தங்கரை ரஸ்தாவில் மோட்டார் ஓடுவதற்கு வெகு முந்திய காலம் அது. இதையெல்லாம் அம்மா பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு, "தாசம்பட்டி வந்துடுச்சு பாரு" என்றார்.

மெதுவான ரயில் என்றால் எல்லோரும் உதகமண்டலத்து ரயிலைத்தான் சொல்வார்கள். நாமும் ஒரு முறை மாணவர்களை அழைத்துக் கொண்டு அதில் போனதுண்டு. அது அற்புதமான வண்டி என்பதில் ஐயமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையில் 46 கிலோ மீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். மலைச் சரிவில் சக்கரம் வழுக்காதபடி நடுவே பல் வைத்த தண்டவாளம் ஒன்று போட்டிருக்கிறார்கள். இஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. குன்னூர் வரையில் 1899-இலும், உதகை வரையில் 1908-இலும் அந்தப் பாதை திறக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக் கொண்டது. மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். அந்த ஐந்து மணி நேரத்துக்காக ஜனங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே இடம் பிடித்து வைக்கிறார்கள். ஸ்விட்ஜர்லாந்து தேசத்தில் ஆல்ப்ஸ் மலைக்குள் ஓடும் ஒரு வண்டியை, உலகத்திலேயே மிக மெதுவான எக்ஸ்பிரஸ் என்று அவர்களே பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள்!

ஆக, பணம் கொடுத்து வாங்கினால் மெதுவாகப் போவது பெருமை. பத்து ரூபாய் டிக்கெட்டில் கிடைத்தால் அதுவே இளப்பம். நாம் இந்தப் பாஸஞ்சரை இத்தனை காலம் இளப்பமாக எண்ணியதற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

தொட்டம்பட்டியில் ஒரு கூடைக்காரி ஏறினாள். கூடை நிறையச் சீத்தாப்பழம். ஏறியவள் ஒரு மூச்சு விட்டுவிட்டு, விற்பதற்கு முன்னால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க் கதை பேச ஆரம்பித்துவிட்டாள். மழை எப்படி, நிலக்கடலை எப்படி, புளி இந்த வருஷம் பூத்ததா என்ற கேள்விகள். எக்ஸ்பிரஸ் வண்டிகளில் வியாபாரிகள் கூவிக் கொண்டே ஓடுவதைக் கண்டிருக்கிறோம். அடுத்த பெட்டி, அடுத்த பெட்டி என்று பறப்பார்கள். இங்கே அவசரமில்லை. சேலம் வரையில் எத்தனையோ ஸ்டேஷன்கள் இருக்கின்றன. பழம் விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி, வண்டி போய்க் கொண்டிருக்கும். நாலு பழம் எடுத்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, காசை அப்புறம் வாங்கிக் கொள்கிறேன் என்று எழுந்து போனாள். நாலு ஸ்டேஷன் கழித்து வந்து வாங்கிக் கொண்டும் போனாள். எந்தக் கடையில் நடக்கும் இது?

எதிர் ஆசனத்தில் ஒரு பெண் தூங்கிக் கொண்டிருந்தாள். வண்டி நின்றபோது விழித்தவள், நம்மைப் பார்த்துச் சட்டென்று எழுந்து நின்றாள். "ஸார்!" என்றாள். பத்து வருஷத்துக்கு முன் நம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவள். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இராத்திரி ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து ஊருக்கு வந்து, பொம்மிடியில் உள்ள மாமியார் வீட்டுக்குப் போய்க் கொண்டிருக்கிறாள். உட்காரச் சொன்னோம். தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்று வருத்தம் தெரிவித்தோம்.

"பரவாயில்லை ஸார். பஸ்ஸிலே தூங்கினா ஊர் தாண்டிப் போயிடும். இதிலே அந்தப் பயம் இல்லை, ஒவ்வொரு ஊரிலேயும் வண்டியே எழுப்பி விட்டுடும்" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தோம். சொல்லி முடித்த நிமிஷமே மறுபடியும் தூங்கிப் போனாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. நம்மிடம் படித்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று ஓசூரில் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளும், கடிகாரமும், லாரியும், கைபேசிக்குரிய பாகங்களும் செய்கிறார்கள். உலகத்தின் அவசரத்துக்கெல்லாம் வேண்டிய சாமான்கள் அவர்கள் கையால்தான் தயாராகின்றன. இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்குவதற்கு அவர்களுக்கு வாய்த்த இடம் இந்த மெதுவான வண்டி.

மொரப்பூருக்கு முன்னால் தென்பெண்ணை ஆறு குறுக்கிடுகிறது. பாலத்தின் மீது ஏறியதும் சக்கரங்களின் ஓசை மாறும். அதுவரை தரையில் மோதிக் கொண்டிருந்த சத்தம் வெட்டவெளியில் கலந்து ஒரு முழக்கமாகிவிடும். அம்மா முந்தானையில் முடிந்திருந்த சில்லறையில் ஒரு நாணயத்தை எடுத்து ஜன்னல் வழியே ஆற்றில் எறிந்தார். புரட்டாசி மழையில் ஆற்றில் தண்ணீர் ஓடிற்று. கரையில் கோரையும் நாணலும் அடர்ந்து, நடுவே மணல் திட்டுகளில் கொக்குகள் நின்றன. இந்த ஆறு கர்நாடகத்தில் நந்தி மலையிலே பிறந்து, ஓசூருக்குப் பக்கத்தில் நம் மாவட்டத்துக்குள் நுழைந்து, காவேரிப்பட்டினம் வழியாக இங்கே வந்து சேருகிறது. பெங்களூரின் கழிவெல்லாம் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகப் பொங்கிய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்து மனம் நொந்ததுண்டு. பாலத்தின் மேலிருந்து பார்க்கும்போது அந்த நுரை ஒன்றும் தெரியவில்லை. தெரியாததனால் இல்லை என்று ஆகாது. ஆனால் அன்று காலை அம்மா ஆற்றைக் கும்பிட்டபோது நாம் அந்தச் சங்கதியைச் சொல்லவில்லை.

"கொக்கு தனித்தனியாத் தெரியுதுடா" என்றார் அம்மா. புதுக் கண் அல்லவா?

மொரப்பூரில் வண்டி நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து நாம் கைக் கடிகாரத்தைப் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தோம். சிவப்பு விளக்கு. பக்கத்துப் பாதையில் ஏதோ பெரிய வண்டி வரப் போகிறது. அதற்கு வழி விட்டு நம்மைக் கிளைப் பாதையில் ஒதுக்கிவிட்டார்கள். பாஸஞ்சரின் தலையெழுத்து இது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் வந்தே பாரத் என்ற வண்டி இந்தப் பாதையில் பறக்கிறது. அதற்கும் வழி விட வேண்டும், மற்ற எக்ஸ்பிரஸ்களுக்கும் வழி விட வேண்டும். நேரத்தில் போக வேண்டிய சரக்கு வண்டிக்குக் கூட வழி விட வேண்டியதுதான். சிறிது நேரத்தில் காது அதிரும்படி ஒன்று ஓடி மறைந்தது. அதிலிருந்தவர்கள் மொரப்பூர் என்று ஓர் ஊர் இருப்பதை அறிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் மொரப்பூர் ஒரு காலத்தில் ஜங்ஷனாக இருந்த ஊர். இந்தத் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் ஐந்தரை அடி. இதே ஸ்டேஷனிலிருந்து இரண்டரை அடி அகலமே உள்ள ஒரு குட்டிப் பாதை 1906-இல் தருமபுரிக்குப் போட்டார்கள். பின்னர் அதை ஓசூர் வரையில் நீட்டினார்கள். அதற்கு முந்திய வருஷம், 1905-இல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அதே போல் ஒரு குட்டி ரயில் போட்டார்கள். பஞ்சம் வந்தால் உள்நாட்டுக்குத் தானியம் கொண்டு போக உதவும் என்பது அப்போதைய கணக்கு. அந்த ரயில்களின் வேகத்தோடு ஒப்பிட்டால் நமது பாஸஞ்சர் புயல் காற்று. ஆனால் இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் இரண்டு பாதைகளும் மறைந்து போயின. ஓசூருக்கும் தருமபுரிக்கும் பிற்காலத்தில் வேறு ரயில் வந்துவிட்டது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு மட்டும் இன்று வரையில் ரயில் திரும்பி வரவில்லை. மாவட்டத்தின் தலைநகரத்திலே ஸ்டேஷன் இல்லை, சாமல்பட்டியிலே இருக்கிறது! இதைச் சொல்லி நாம் எத்தனையோ முறை மாணவர்களிடம் பெருமை அடித்துக் கொண்டிருக்கிறோம். மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் மீண்டும் பாதை போடுவதற்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

பாதை போடுவது கடினம், எடுப்பது சுலபம். வண்டியும் அப்படித்தான்.

மகாத்மா காந்தி 1909-இல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில் ரயிலை வன்மையாகக் கண்டித்திருக்கிறார். ரயில்களால் கொள்ளை நோய் பரவுகிறது என்றும், நன்மை எப்போதும் நிதானமாகவே நடக்கும், தீமைக்குத்தான் சிறகு முளைக்கும் என்றும் வாதாடியிருக்கிறார். ஆனால் அந்த மகானே 1915-இல் தாயகம் திரும்பியதும் என்ன செய்தார்? ரயிலில் ஏறினார். அதுவும் மூன்றாம் வகுப்பில் ஏறினார். கூட்டத்தில் இடிபட்டு, அசுத்தத்தைச் சகித்துக் கொண்டு, தேசம் முழுவதும் பிரயாணம் செய்து, 1917-இல் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் அவஸ்தைகளை எழுதி வெளியிட்டார். அந்த எழுத்திலே இயற்கைக் காட்சி ஒன்றும் கிடையாது, மனிதர்கள்தான் இருக்கிறார்கள். 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். பெயர் போயிற்று. ஆட்கள் எங்கே போவார்கள்? கூடைக்காரியும், தூங்குகிற பெண்ணும், சேலத்துக்குக் கண் காட்டப் போகிற கிழவியும் இந்த வண்டியில்தான் இருக்கிறார்கள்.

இனி, கார் என்றதும் அம்மாவின் முகம் மாறிய காரணத்தைச் சொல்ல வேண்டும்.

பொம்மிடிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர் நம் பெரியம்மா. அம்மாவைவிட ஆறு வயது மூத்தவர். அக்காளும் தங்கையும் நாற்பது வருஷத்துக்கு மேலாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சந்தித்து வந்தார்கள். அம்மா போவார், அல்லது பெரியம்மா வருவார். இருவருக்கும் பஸ் ஆகாது. அது குடும்பச் சொத்து. ஆகவே இருவருக்கும் இந்தப் பாஸஞ்சர்தான். காலையில் ஏறி, மத்தியானம் அக்காள் கையால் சாப்பிட்டு, சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவார் அம்மா. என்னதான் பேசுவார்களோ! நாம் ஒரு முறை கேட்டதற்கு, "என்னத்தைப் பேசறது? சும்மா உட்கார்ந்திருப்போம்" என்றார்.

2020 மார்ச்சில் கொரோனா என்ற கொள்ளை நோய் வந்தது. தேசத்திலுள்ள பிரயாணி வண்டிகள் எல்லாம் ஒரே நாளில் நின்றன. யுத்த காலத்திலும் அப்படி நின்றதில்லை. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, காலம் அப்படி. சில மாதங்களில் பெரிய வண்டிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகிற வண்டிகள்தான் கடைசியில் வந்தன. வந்தபோதும் பழைய பாஸஞ்சராக வரவில்லை. எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் வந்தன. 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. 2024-இன் தொடக்கத்தில்தான் மறுபடியும் 10 ரூபாய்க்கு இறங்கிற்று.

வண்டி நின்ற அந்தக் கோடையில் பெரியம்மா படுத்துவிட்டார். கொள்ளை நோய் அல்ல, வயது. அம்மாவைக் காரில் அழைத்துப் போகிறோம் என்று நாம் சொன்னோம். "அடுத்த மாசம் வண்டி விட்டுடுவான், போய்க்கிறேன்" என்றார். ஒவ்வொரு மாதமும் அப்படியே சொன்னார். ஒரு நாள் விடியற்காலையில் போன் வந்தது. மாவட்ட எல்லையைக் கடப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த காலம் அது. சீட்டுக் கிடைத்து, காரும் கிடைத்து, வழியில் மூன்று இடங்களில் நிறுத்தி அம்மாவுக்கு முகம் கழுவிவிட்டு, நாம் அந்த வீட்டு வாசலில் இறங்கியபோது திண்ணையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அக்காளின் முகத்தை அம்மா பார்க்கவில்லை. நோய்க்குப் பயந்து யாரும் யாரையும் தொட்டு அழக் கூட இல்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பினோம். அதன் பிறகு அம்மா பொம்மிடிக்குப் போகவில்லை. வண்டிகள் வந்த பிறகும் ஏறவில்லை. அக்காள் இல்லாத வீட்டுக்கு எதற்கு என்று இருந்துவிட்டார்.

புட்டிரெட்டிப்பட்டி தாண்டியதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். மாணவி எழுந்து பையைச் சரி செய்து கொண்டாள். பொம்மிடியில் இறங்கி, "வரேன் ஸார், வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிளாட்பாரத்தில் நம் அண்ணன் கையில் ஒரு பையுடன் பெட்டி பெட்டியாகப் பார்த்துக் கொண்டு வருவது தெரிந்தது. அம்மா அவரைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"சித்தி! ஒரு நிமிஷந்தான் நிப்பான்" என்று சொல்லிக் கொண்டே அண்ணன் ஜன்னலண்டை ஓடி வந்து பையைக் கொடுத்தார். முருங்கைக்காய். பெரியம்மா வைத்த மரம். "நல்லா இருக்கீங்களா? கண்ணு தெரியுதா?" என்றார். "தெரியுது, கண்ணு. நீ இளைச்சுட்டே" என்றார் அம்மா. ஒரு நிமிஷத்தில் இவ்வளவுதான் முடியும். அண்ணன் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துக் கொண்டு வண்டி நகர்வதற்காகக் காத்து நின்றார்.

வண்டி நகரவில்லை.

முன்னால் எட்டிப் பார்த்தோம். சிவப்பு விளக்கு. இன்னொரு பெரிய வண்டிக்கு வழி விடுகிறார்கள். பெட்டியில் சிலர் முணுமுணுத்தார்கள். கூடைக்காரி இறங்கிப் போய்த் தண்ணீர் பிடித்துக் கொண்டு வந்தாள். நாம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் மறுபடியும் கம்பியைப் பிடித்துக் கொண்டார். வீட்டு ஓடு ஒழுகுகிறது, மாற்ற வேண்டும் என்றார். பேத்தி நர்ஸுப் படிப்பு முடித்துவிட்டாள் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக் கொண்டிருந்தார். அப்புறம் இருவருமே சற்று நேரம் சும்மா இருந்தார்கள். பிறகுதான் அம்மா கேட்டார்:

"கடைசியிலே அக்கா என்ன கேட்டுச்சு, கண்ணு?"

அது ஒரு நிமிஷத்தில் கேட்கக் கூடிய கேள்வி அல்ல. இத்தனை வருஷமாக நம்மிடம் கூட அவர் அதைக் கேட்டதில்லை. அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக் கொண்டார்.

"தண்ணி கேட்டாங்க, சித்தி. குடிச்சாங்க. அப்புறம், வண்டி விட்டுட்டாங்களாடான்னு கேட்டாங்க. விட்டுட்டாங்கம்மா, சித்தி வந்துக்கிட்டிருக்குன்னு சொன்னேன். பொய்தான் சொன்னேன். சரின்னு கண்ணை மூடிக்கிட்டாங்க."

அம்மா ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டி அவர் தலையில் வைத்தார். பக்கத்துப் பாதையில் எக்ஸ்பிரஸ் வந்தது. அந்த இரைச்சலில் அம்மா சொன்னது என்னவென்று நமக்குக் கேட்கவில்லை. அண்ணனுக்குக் கேட்டிருக்கும் போலும். எக்ஸ்பிரஸ் போன பிறகும் இரண்டு மூன்று நிமிஷம் நமது வண்டி அங்கேயே நின்றது. அப்புறம் மெதுவாக நகர்ந்தது. அண்ணன் பிளாட்பாரத்தின் கோடி வரையில் கூடவே நடந்து வந்தார். ஓட வேண்டிய அவசியம் இல்லை. அவ்வளவு நிதானமாகத்தான் வண்டியும் போயிற்று.

லோகூர் தாண்டினால் மலைப் பாதை. இடது பக்கம் சேர்வராயன் மலை வந்து ஜன்னலை அடைத்துக் கொண்டு நிற்கும். பாதை வளைந்து வளைந்து போவதால் நமது வண்டியின் தலைப்பெட்டியை நாமே பார்க்கலாம். மழை பெய்து ஓய்ந்த காலமாகையால் பாறைகளின் மேல் தண்ணீர் வழிந்து கொண்டிருந்தது. புதர்களின் பச்சை கண்ணில் ஒட்டிக் கொண்டது. மேலே, ஏற்காட்டுப் பக்கத்தில், மேகம் ஒன்று மலையின் தோளில் துண்டு போட்டது போல் கிடந்தது. தண்டவாளத்தை ஒட்டி ஆடு மேய்த்துக் கொண்டிருந்த சிறுவன் ஒருவன் கையை ஆட்டினான். அம்மா பதிலுக்குக் கையை ஆட்டினார். அந்தச் சிறுவன் திரும்பவும் ஆட்டினான். அம்மாவும் திரும்ப ஆட்டினார். இரண்டு முறை ஆட்டுவதற்கு அவகாசம் இருந்தது.

டேனிஷ்பேட்டை வரும்போது அம்மா ஒரு சீத்தாப்பழத்தைப் பிளந்து பாதியை நம் கையில் கொடுத்தார். விதைகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சேர்த்துக் கொண்டே, "சாயங்காலம் எத்தனை மணிக்குடா வண்டி?" என்று கேட்டார்.

சொன்னோம்.

"வர்றப்ப அந்தப் பக்கத்து ஜன்னல்லே இடம் பிடி" என்றார்.